நெய்பவன் என்னும் பெயர்
(காஞ்சிபுரத்தில் நெசவாளர் கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பெயரைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அதுவும் வெள்ளைக்காரன் பெயரைப் பற்றி. பிள்ளையார்பாளையத்தில் தறியில் உட்கார்ந்திருப்பவருக்கு அதனால் என்ன ஆகப்போகிறதென்று கேட்பீர்கள். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

1828-ல் பெரிய இங்கிலீஷ் அகராதி வெளியிட்ட அமெரிக்கர் பெயர் நோவா வெப்ஸ்டர். வெப்ஸ்டர் என்றால் நெய்பவர் என்றே அர்த்தம். பழைய இங்கிலீஷில் 'ஸ்டர்' என்பது பெண்பால் விகுதி. ஆகவே முதலில் அது நெய்கிற பெண்ணின் பெயர். பிற்பாடு ஆண்களும் அதை எடுத்துக்கொண்டார்கள். நூல் நூற்றவள் ஸ்பின்ஸ்டர். அந்த வார்த்தை கலியாணமாகாதவள் என்று ஆகிப்போனது வேறு கதை. நம் ஊரில் தார் சுற்றிக் கை காய்த்த பெண்ணுக்கு இந்தப் பெயர்கூட மிஞ்சவில்லை.

1066-ல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, ஊருக்கு ஊர் ஜானும் வில்லியமும் பெருகிவிட்டார்கள். வரிக் கணக்கு எழுதுகிறவன் எந்த ஜான் என்று தெரிந்துகொள்ள, நெய்கிற ஜான், கொல்லன் ஜான் என்று எழுதினான். நாளடைவில் அது மகனுக்கும் பேரனுக்கும் நின்றது. பேரன் தறியை விட்டுப் போனான். பெயர் மட்டும் கூடப் போயிற்று.

1953-ல் இங்கிலாந்து ராணிக்கு முடிசூட்டிய தலைமைக் குரு ஜெஃப்ரி ஃபிஷர். ஃபிஷர் என்றால் மீன் பிடிப்பவன்! இங்கே வரதராசருக்குச் சாத்துகிற பட்டை நெய்தவர் அந்தப் பட்டோடு கருவறைக்குள் போக முடியுமா? 1979 முதல் 1990 வரை பிரதம மந்திரியாயிருந்த அம்மாள் தாட்சர். கூரை வேய்பவர் என்று பொருள். அதுவும் புருஷன் வீட்டுப் பெயர்தான், அங்கேயும் பெண்ணின் கதி அப்படி. அந்தத் தேசத்தில் பிறவிப் பெருமை இல்லையா என்றால், பிரபுக்கள் ஏராளம். ஆனால் ஸ்மித் வீட்டுப் பெண்ணை டெய்லர் வீட்டுப் பையன் கட்டினால், அந்தப் பெயருக்காக எவனும் அரிவாள் தூக்குவதில்லை.

நம் கதை என்ன? காஞ்சியில் நெய்கிறவர்களில் பெருந்தொகையினரான கைக்கோளர் வைத்துக்கொண்ட பட்டம் முதலியார். அதில் தறியும் இல்லை, நாடாவும் இல்லை. முதல்வன், தலைவன் என்பதே பொருள். நெய்யாத வேளாளருக்கும் அதே பட்டம். விசயநகர அரசர் காலத்தில் சங்கு ஊதவும் பல்லக்கு ஏறவும் உரிமை பெற்று, அதைப் பெருமையாகக் கொண்டவர்கள் இவர்கள். நாம் அவர்களைக் குறை சொல்லவில்லை. தொழிலைச் சொன்னால் கீழே தள்ளுகிற நாட்டில் தொழிலை மறைக்கிற பெயரைத்தானே தேடுவான்? மறைக்க முடியாத வண்ணானையும் அம்பட்டனையும் தொழிற்பெயராலேயே 'அடே' என்று கூப்பிட்டோம். அங்கே பார்பர் என்ற பெயரை ஒரு டாக்டர் தன் வாசற்பலகையில் கூசாமல் எழுதிக்கொள்கிறான்.

1929 பிப்ரவரியில், இதோ பக்கத்துச் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மகாநாடு ஜாதிப் பட்டங்களை விடச் சொல்லித் தீர்மானித்தது. இந்த ஊரில் நெசவுக் குடும்பத்தில் 1909-ல் பிறந்த அண்ணாதுரை 1967-ல் முதல் மந்திரியானார். அவர் பெயருக்கு முன்னால் இருந்தது காஞ்சிபுரமும் தகப்பனார் நடராசனும்தான், பின்னால் ஒன்றுமில்லை.

பட்டம் பெயர்ப்பலகையை விட்டுப் போயிற்று, சரி. கலியாண விளம்பரத்தை விட்டுப் போயிற்றா? நாளைப் பத்திரிகையைப் பிரித்து நீங்களே பாருங்கள். நேரமாகிவிட்டது, சந்தேகமுள்ளவர்கள் எழுந்து கேட்கலாம்.