யுகம் என்னும் நுகம்



திருவண்ணாமலையில் ஒரு பௌர்ணமி இரவு, பாட்டனாரின் விரலைப் பற்றிக்கொண்டு கிரிவலம் வந்த சிறுவயதில், இந்த மலை கிருத யுகத்தில் அக்கினியாகவும், திரேதா யுகத்தில் மாணிக்கமாகவும், துவாபர யுகத்தில் பொன்னாகவும் இருந்து, கலியுகத்தில் நம் கண் கூசாதிருக்கும்பொருட்டுக் கல்லாகக் குளிர்ந்து நிற்கிறது என்று அவர் சொல்லக் கேட்டேன். யுகம் என்றால் எவ்வளவு காலம் என்று வினவினேன். “எண்ணி முடியாது, நட” என்றார்.

புராணங்களோ எண்ணியே முடித்திருக்கின்றன. கலிக்கு 4,32,000 ஆண்டுகள். துவாபரத்துக்கு அதில் இரு மடங்கு, திரேதைக்கு மும்மடங்கு, கிருதத்துக்கு நான்கு மடங்கு. ஆக, ஒரு சதுர்யுகம் 43,20,000 ஆண்டுகள். கிருதம், திரேதா, துவாபரம், கலி என்பவை ஆதியில் சூதாட்டத்தில் நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என விழும் வீச்சுகளின் பெயர்கள் என்பதை அறிந்தால், இந்த மடங்குக் கணக்கும் விளங்கிவிடும்.

ஆயினும் யுகம் என்ற பதத்தின் பிறப்பிடம் இத்தனை பிரம்மாண்டமானதன்று; அது ஏர் பூட்டிய வயல். ‘யுஜ்’ என்னும் வடமொழித் தாதுவுக்குப் பூட்டுதல், இணைத்தல் என்று பொருள். இரண்டு எருதுகளின் கழுத்தை ஒன்றாய்ப் பிணைக்கும் மரமே வேதத்தில் யுகம். ஆங்கிலேயர் அதனை ‘யோக்’ என்பர், இலத்தீனில் ‘யுகும்’. நம் உழவர் நாவில் வழங்கும் ‘நுகம்’ ஒலியால் இதற்கு எவ்வளவு அணுக்கம் என்பதை நேயர்களே உணரலாம். உறவு எத்தகையது என்பதில் மொழிநூலார் ஒருமைப்படவில்லை. ‘யோகம்’ என்பதும் அதே தாதுவில் கிளைத்ததே. இணையான இரண்டைக் குறிக்கும் ‘யுகளம்’ அதன் உடன்பிறப்பு.

நுகத்தடி காலமானது எப்படி? சூரியனையும் சந்திரனையும் இரு எருதுகளாகப் பாவித்துப் பாருங்கள். தத்தம் கதியில் செல்லும் அவ்விரண்டும், ஒருங்கே புறப்பட்ட இடத்தில் மீண்டும் வந்து கூடுவதற்குப் பிடிக்கும் அளவை, வேதாங்க ஜோதிஷம் ஐந்து ஆண்டு, அதாவது 1,830 நாள், என வகுத்து, அதற்கே யுகம் என்று பெயரிட்டது. அந்த ஐந்து ஆண்டில் சூரிய மாதம் 60, சந்திர மாதம் 62. மிகுந்த இரண்டே அதிக மாதங்கள். தெலுங்கரும் கன்னடரும் கொண்டாடும் யுகாதியில் யுகம் ஓராண்டாகவே சுருங்கிவிடுகிறது. ஐந்தாண்டும் யுகம், ஓராண்டும் யுகம், லட்சக்கணக்கான ஆண்டுகளும் யுகம்: நீளத்தை அன்று, சேர்க்கையையே இந்தச் சொல் அளந்தது என்று நான் கருதுவதற்கு இதுவே ஆதாரம்.

அந்தச் சேர்க்கையைக் கண்ணால் காண மீண்டும் திருவண்ணாமலைக்கே வரவேண்டும். கார்த்திகைத் தீபத்தன்று மாலை, ஆண்டு முழுதும் வெளிவராத அர்த்தநாரீசுவரர், அம்மையும் அப்பனும் ஓருருவான அந்தத் திருமேனி, கோயிலின் உள்ளிருந்து ஆனந்த நடனமிட்டு வெளியே வந்து சில நிமிடங்களே தரிசனம் தருகிறார். அதே வேளையில் மலையுச்சியில், 2,668 அடி உயரத்தில், கொப்பரை நெய் பற்றி எரிகிறது. அப்படி ஒரு மாலையில் பாட்டனார் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, “அதோ பார், கிருத யுகம்” என்றார்.