வாசலுக்கு எந்தக் கோழி?

(வீட்டுக்குக் கோழி வழங்கும் திட்டத்தை மீண்டும் தொடங்கும் முன், நமது அறக்கட்டளையின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இன்றைக்குக் கோழியைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று சொன்னதும் பின்வரிசையில் சிலர் சிரித்தீர்கள். பரவாயில்லை. ஒரு பக்கம் கறிக்கோழிக்குப் பல்லடம், இன்னொரு பக்கம் முட்டைக்கு நாமக்கல். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சென்னிமலைக்காரர்களுக்குக் கோழியைப் பற்றி யார் வந்து சொல்லித்தர வேண்டும்? நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். நினைத்துத் தவறும் செய்தோம். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் கணவரை இழந்த சில சகோதரிகளின் வீடுகளுக்கு ஸதகா பணத்தில் கோழி வாங்கிக் கொடுத்தோம். தறி வேலைக்குப் போய்வரும் நேரம் போக வீட்டில் ஒரு சிறு வருமானம், பிள்ளைகளுக்கு முட்டை, விளையாட ஒரு துணை. இதுதான் நோக்கம். சந்தையில் நின்றபோது கண்ணுக்கு அழகாகத் தெரிந்ததை வாங்கினோம். நெடிய கால், நிமிர்ந்த கழுத்து, பளபளக்கும் இறகு. எல்லாம் பெருவிடைக் குஞ்சுகள். கொடுத்த அன்று எல்லோர் முகத்திலும் மகிழ்ச்சி.

ஏழெட்டு மாதத்தில் ஒரு வீட்டில் மூன்று சேவல்கள் வளர்ந்து நின்றன. பெருவிடைச் சேவல் இரண்டை ஒரே வாசலில் அவிழ்த்துவிட்டால் என்ன நடக்கும் என்று வளர்த்தவர்களுக்குத் தெரியும். இரத்தம் வரும்வரை மோதும். விலக்கிவிடப் போன சின்னப் பெண்ணின் கண்ணுக்குக் கீழே நகம் கிழித்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், கண் தப்பியது. அந்தத் தாய் பயந்துபோய், வாசலுக்கு வந்து கேட்ட முதல் ஆளுக்குச் சேவல்களை விற்றுவிட்டார். நல்ல விலைதான் கிடைத்தது. வாங்கியவர் அவற்றைச் சேவல் கட்டுக்குக் கொண்டுபோனார் என்பது பிறகுதான் தெரிந்தது.

பிராணிகளை ஒன்றோடொன்று மோதவிடுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். நாட்டுச் சட்டமும் 1960 ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் மூலம் அதைத் தடுக்கிறது. ஆனால் நாம் கொடுத்த ஸதகா போய்ச் சேர்ந்த இடம் அது. குற்றம் அந்தத் தாயுடையது அல்ல. கோழியும் அதன் குணப்படி நடந்தது. தேர்ந்தெடுத்தவர்கள் நாங்கள். அந்தச் சகோதரி எங்களிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "பிள்ளைங்க கூட இருக்கத்தானே கோழி கேட்டேன், இதை ஏன் கொடுத்தீங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி, வளர்க்கிறவர்களையும் கால்நடை மருத்துவர்களையும் போய்ப் பார்த்துக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. நம் வட்டாரத்தில் யாருக்கும் ஈமு மறந்திருக்காது. பெருந்துறையைச் சுற்றி, குஞ்சுகளையும் கொடுத்து மாதாமாதம் பணமும் தருகிறோம் என்றார்கள். சினிமா நடிகர்கள் விளம்பரத்தில் வந்தார்கள். நகையை அடகு வைத்தும் நிலத்தை விற்றும் போட்டவர்கள் உண்டு. 2012 இல் எல்லாம் சரிந்தது. கடைசியில் பட்டினி கிடந்த பறவைகளுக்குத் தீனி போட அரசாங்கம் வரவேண்டியதாயிற்று. பறவையின் மேல் தவறில்லை. அதைச் சாப்பிட யார் இருக்கிறார்கள், வாங்க யார் வருவார்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஆகவே யார் வந்து எந்தக் கோழியைப் புகழ்ந்தாலும், "நாங்களே திருப்பி எடுத்துக்கொள்கிறோம்" என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். உங்கள் தெருவில் விற்க முடிந்த முட்டைக்கும் கோழிக்கும்தான் மதிப்பு.

இனி ரகங்களுக்கு வருவோம்.

பெருவிடையைப் பற்றிச் சொல்லிவிட்டோம். அசில் என்று சொல்வதும் இந்த இனத்தைத்தான். சேவல் நான்கு, ஐந்து கிலோ வரை வரும். வளர்த்தவரிடம் அது சாதுவாகவே இருக்கும். இன்னொரு சேவலைக் கண்டால்தான் விடாது. ஒவ்வொன்றையும் தனித்தனியே கட்டி வளர்க்க இடமும் ஆளும் வேண்டும். கோழியும் முட்டை குறைவாகத்தான் இடும். இந்த வழியில் வந்ததுதான் கிளிமூக்கு விசிறிவால். கிளியைப் போல் வளைந்த குட்டை அலகு, தரையைத் தொடும் வால். திண்டுக்கல் பக்கம் இதற்குக் கண்காட்சியே நடத்துகிறார்கள். ஒரு சேவலுக்கு இலட்சக்கணக்கில் விலை சொல்வார்கள். அழகில் அதற்கு ஈடில்லை. ஆனால் அலகு வளைந்த பறவை தரையில் சிதறிய தானியத்தைக் கொத்தவே சிரமப்படும். கிண்ணத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து ஊட்ட வேண்டும். அது பொழுதும் பணமும் உள்ளவர்களின் ஆசை. குற்றம் சொல்லவில்லை, நமக்கு ஆகாது.

அடுத்து கருங்கோழி என்கிற கடக்நாத். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக்காரப் பறவை. தோலும் கறியும் கறுப்பு. முட்டை கறுப்பாக இருக்காது, அப்படிச் சொல்லி விற்றால் நம்பாதீர்கள். 2018 இல் ஜாபுவா கருங்கோழிக் கறிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு விலை ஏறியது. அடைக்கு உட்காரும் குணம் இதற்குக் குறைவு. மிரண்டு ஓடும் சுபாவமும் உண்டு. கையில் எடுத்துக் கொஞ்ச ஆசைப்படும் பிள்ளைகளுக்கு ஏமாற்றமாகப் போகும்.

சில்கி என்று ஒரு கோழியைச் செல்லப்பிராணிக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். பூனைக்குட்டி மயிர் போன்ற மெத்தென்ற இறகு, காலில் ஐந்து விரல். சீனப் பயணத்தை எழுதிய மார்க்கோ போலோவே மயிர் போர்த்திய கோழி என்று இப்படி ஒன்றைக் குறிப்பிட்டிருக்கிறார். குணத்தில் தங்கம். குழந்தை மடியில் வைத்தாலும் உட்கார்ந்திருக்கும், அடைக்கும் நன்றாக உட்காரும். ஆனால் பறந்து தப்பத் தெரியாது, மழையில் நனைந்தால் இறகு நீரை உதறாது. தெருநாயும் கீரியும் வரும் இடத்தில் அவிழ்த்துவிட முடியாது. காலெல்லாம் இறகு மூடிய பிரம்மா கோழியும் சாதுதான். குளிர் தேசத்தாருக்கு மிகவும் பிடித்த பறவை. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அது படும் பாட்டைப் பார்க்க முடியாது.

வனராஜா, கிராமப்பிரியா, நந்தனம், நாமக்கல் கோழி என்று ஆராய்ச்சி நிலையங்கள் உருவாக்கிய ரகங்கள் இருக்கின்றன. முதல் இரண்டும் ஹைதராபாத்தில் உருவானவை, மற்றவை நம் மாநிலக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் உழைப்பு. நாட்டுக்கோழியைவிட அதிகம் முட்டை இடும், நிறமும் நன்றாக இருக்கும். முட்டைதான் முக்கியம் என்றால் இவற்றை வாங்குங்கள். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். இவை பெரும்பாலும் அடைக்கு உட்காராது. ஒரு சுற்று முடிந்ததும் மறுபடி குஞ்சு வாங்கப் பணம் வேண்டும்.

கடைசியாக, நம் நன்னிமார்களின் வாசலில் மேய்ந்த சிறுவிடை. பார்த்துப் பழகியதால் நாம் மதிக்காத கோழி. ஒன்று, ஒன்றரைக் கிலோதான் எடை. தீனியும் அதற்கேற்பக் கொஞ்சம். ஒரு அடைக்குப் பத்துப் பதினைந்து முட்டை இட்டுவிட்டுத் தானே உட்காரும். இருபத்தொரு நாளில் குஞ்சு பொரிக்கும். பருந்து வந்தால் இறக்கைக்குள் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும் தாய் அது. அழகில் என்ன குறை? செவலை, கறுப்பு, சாம்பல், புள்ளி, வெள்ளை என்று ஒரே அடையில் ஐந்து நிறம் வரும். ஒவ்வொரு பிள்ளையும் தனக்கென்று ஒரு குஞ்சை அடையாளம் வைத்துக்கொள்ளலாம். எங்கள் பரிந்துரை இதுதான். ஒரு சேவல், மூன்று கோழி. இதற்கு மேல் தொடக்கத்தில் வேண்டாம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியதைச் சொல்கிறோம். குண்டடம் சந்தை நாட்டுக்கோழிக்குப் பெயர்போனது. ஆனாலும் முடிந்தவரை பக்கத்துத் தோட்டத்தில், வளர்ந்த இடத்திலேயே பார்த்து வாங்குங்கள். தாய் எப்படி, சேவல் எப்படி என்று அங்கேயே தெரிந்துவிடும். ஒரு முறையாவது குஞ்சு பொரித்து வளர்த்த கோழியாக இருந்தால் நல்லது. கண் தெளிவாக, மூக்கு உலர்ந்து, கொண்டை சிவந்து, பின்பக்கம் எச்சம் ஒட்டாமல் இருக்க வேண்டும். கையில் எடுத்து நெஞ்சோடு அணைத்துச் சற்று நேரம் நில்லுங்கள். படபடப்பு அடங்கி அமைதியானால் அது வீட்டுக்கேற்ற கோழி. பிள்ளைகளை நோக்கிப் பாயும் சேவலை எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். வீட்டில் வளர்ந்த சேவல் அப்படி மாறினால், முறைப்படி அறுத்துக் குழம்பு வையுங்கள். தெரியாத ஆளுக்கு மட்டும் விற்காதீர்கள். இதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

புதுக்கோழியை வந்த அன்றே பழைய கோழிகளோடு விடக்கூடாது. இரண்டு, மூன்று வாரம் தனிப் பஞ்சாரத்தில் வைத்துப் பாருங்கள்.

கோழி பழகுவதில் ரகத்துக்குப் பாதிப் பங்கு, நம் கைக்குப் பாதிப் பங்கு. தினமும் ஒரே நேரத்தில் "பா, பா, பா" என்று ஒரே குரலில் கூப்பிட்டுக் கம்போ குருணையோ போடுங்கள். பிள்ளைகள் நின்றுகொண்டு போடாமல் தரையில் உட்கார்ந்து உள்ளங்கையில் நீட்டட்டும். முதல் வாரம் கிட்ட வராது. பிறகு ஒன்று வரும், அதைப் பார்த்து மற்றதும் வரும். துரத்திப் பிடிக்கவே கூடாது. பிடிக்க வேண்டுமென்றால் பொழுது சாய்ந்து குடாப்பில் அடைந்த பின் மெதுவாக எடுங்கள். குஞ்சுகளைத் தாய் கொத்தாத அளவுக்குப் பழகிய பின், தினம் சில நிமிடம் கையில் வைத்திருந்தால் அவை மனிதரைக் கண்டு மிரளாது. தொட்டு முடித்ததும் பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இவ்வளவும் செய்து, வெள்ளைக் கழிச்சலைக் கவனிக்காமல் விட்டால் ஒரே வாரத்தில் குடாப்பு காலியாகிவிடும். வந்த பின் மருந்து கிடையாது, வரும் முன் தடுப்பதுதான். குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் ஊசி. இடையில் என்ன போட வேண்டும் என்று கால்நடை மருத்துவர் சொல்வார். அரசுக் கால்நடைத் துறை பிப்ரவரியை ஒட்டி இதற்கென்றே இலவச முகாம் நடத்துவது வழக்கம். கோடை தொடங்கும் முன் போட்டுவிட வேண்டும். தறி வேலையை விட்டுவிட்டு வரமுடியாத சகோதரிகளின் கோழிகளை எங்கள் இளைஞர்கள் கூடையில் எடுத்துப்போய் ஊசி போட்டுக் கொண்டுவருவார்கள். பெயரைக் கொடுத்தால் போதும்.

அண்டை வீட்டாரையும் நினைத்துக்கொள்ளுங்கள். நம் கோழி அவர்கள் கீரைப் பாத்தியைக் கிளறினால் அது நம் பொறுப்பு. முதல் அடை முட்டையில் நாலு அந்த வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். பிறகு சேவல் கூவினால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

இன்ஷா அல்லாஹ், இந்த முறை நாங்கள் வாங்கி வந்து கொடுக்கப்போவதில்லை. பணத்தைக் குடும்பத்தின் கையில் கொடுத்து, எங்களில் ஒருவர் துணைக்கு மட்டும் வருவோம். கோழியைத் தாயும் பிள்ளைகளும் தேர்ந்தெடுக்கட்டும். முதல் அடையில் வரும் குஞ்சுகளில் இரண்டை மட்டும் திருப்பித் தாருங்கள், அது அடுத்த வீட்டுக்குப் போகும். முன்பு எங்களைக் கேள்வி கேட்ட அந்தச் சகோதரியின் பெயரைத்தான் முதலில் எழுதியிருக்கிறோம். வேண்டாம் என்றுதான் சொன்னார். அவர் மகள்தான், கறுப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட வெடக்கோழி வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். தேடிக்கொண்டிருக்கிறோம். உங்கள் யாருடைய வாசலிலாவது இருந்தால் கூட்டம் முடிந்ததும் எங்களிடம் சொல்லுங்கள்.

அல்லாஹ் நம் கொடுத்தலையும் வளர்த்தலையும் ஏற்றுக்கொள்வானாக. வஸ்ஸலாம்.