லே-ஆப்பா, லாக்-அவுட்டா?

தோழர்களே! மில் கேட்டில் இங்கிலீஷ் நோட்டீஸ் ஒட்டியதும், "மூடிவிட்டான்" என்று நாம் வீடு திரும்பிவிடுகிறோம். என்ன சொல் போட்டிருக்கிறான் என்று பார்க்கிறோமா?

பஞ்சு இல்லை, மின்சாரம் இல்லை, நூல் தேங்கிவிட்டது என்று வேலை தராவிட்டால் அது லே-ஆப். அந்த நாட்களுக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி தர வேண்டுமென்பது 1953-ல் தொழில் தகராறு சட்டத்தில் ஏறியது. அதுவும் ஓராண்டு வேலை செய்தவர்களுக்குத்தான். பதிலித் தோழர்களுக்குக் கிடையாது! தினமும் கேட்டுக்குப் போய்த் தலைகாட்டாவிட்டால் அந்தப் பாதியும் போச்சு.

தகராறில் நம்மைப் பணியவைக்கக் கதவைப் பூட்டினால் அது லாக்-அவுட். அதற்குப் பாதி இல்லை. கதவடைப்பு நியாயமற்றதென்று வழக்காடித்தான் சம்பளம் பெற வேண்டும்.

வயலில் வேலை நின்றாலோ, விவசாயத் தொழிலாளிக்கு இரண்டு சொல்லும் இல்லை.

அடுத்த முறை நோட்டீசை எழுத்துக்கு எழுத்து எழுதிக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள்.