எல்லைப்புறத்துக் கூத்தும் நகையும்



பெருநகரங்களில் வாழ்வோர்க்கு மாலைப் பொழுது வந்ததும் ஒரு கவலை பிறக்கும். இன்று எங்கே போவது என்பதே அக்கவலை. சென்னையில் மார்கழி பிறந்துவிட்டால் சபைகள்தோறும் கச்சேரி. மற்ற மாதங்களில் நாட்டியம், நகைச்சுவை நாடகம், பட்டிமன்றம். நாளிதழில் நிகழ்ச்சிப் பத்தியை விரலால் தடவிப் பார்த்து, நுழைவுச் சீட்டுக்கு ஆகும் செலவையும் வீடு திரும்பும் நேரத்தையும் கூட்டிக் கழித்து ஒரு முடிவுக்கு வருவதற்குள் பாதி மாலை கழிந்துவிடும்.

பாலக்காட்டுக் கணவாயின் இப்பக்கத்தில், சிற்றூர், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் முதலிய ஊர்களில் வாழும் தமிழர்களும், இடுக்கி மலைமேல் தேவிகுளம், மூணாறு, பீர்மேடு, குமுளி ஆகிய இடங்களில் வாழும் தமிழர்களும் இதைக் கேட்டுப் பெருமூச்சு விடுவதுண்டு. நமக்கு ஏது சபை, நமக்கு ஏது நாடக அரங்கு என்று ஏங்குகிறோம். கோயம்புத்தூருக்கோ மதுரைக்கோ போனால்தான் கலைவிருந்து என்று எண்ணுகிறோம். அவ்வெண்ணம் எவ்வளவு தவறானது என்பதைச் சற்றே ஆராய்ந்து பார்ப்பதுதான் இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் இம்மண்ணின் பழமையை நினைவுகூர்வோம். குமுளிக்கு மேலே, காட்டுக்கு நடுவில், மங்கலதேவி என்னும் கண்ணகி கோயில் சிதைந்த நிலையில் நிற்கிறது. ஆண்டுக்கு ஒரு நாள், சித்திரை முழுநிலா அன்று, இரு மாநிலத்து மக்களும் அங்கே மலையேறுகிறார்கள். இரு மாநில அதிகாரிகளும் கலந்து பேசி அதற்கு ஏற்பாடு செய்கிறார்கள். அந்தக் கண்ணகியின் கதையைப் பாடிய சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில், வடதிசை வென்று மீண்ட சேரன் செங்குட்டுவன் ஓர் இரவு கூத்துக் காணும் காட்சி வருகிறது. ஆடுகிறவன் பறையூரைச் சேர்ந்த சாக்கையன். ஆடப்படுவது, உமையொரு பாகனாக இறைவன் ஆடிய கொட்டிச்சேதம். சேரநாட்டு மன்னனுக்கு முன்னே சேரநாட்டுக் கூத்தன் ஆடியதைத் தமிழ்க் காப்பியம் பதிவு செய்து வைத்திருக்கிறது.

அந்தச் சாக்கையர் மரபை இன்றைய கேரளத்துச் சாக்கியார்களோடு இணைத்துப் பேசுவது அறிஞர் வழக்கம். சாக்கியார் கூத்தில் ஒருவரே மேடையில் நிற்பார். புராணக் கதையைச் சொல்லிக்கொண்டே போவார். இடையிடையே எதிரே அமர்ந்திருப்பவர்களையும் கதைக்குள் இழுத்துவிடுவார். தாமதமாக வந்தவரைக் கண்டால், அநுமன் இலங்கையில் கண்ட அரக்கர்களுள் ஒருவராக அவரை ஆக்கிவிடக் கூசமாட்டார். அரசரே வந்திருந்தாலும் அந்த ஏளனத்துக்கு விலக்கு இல்லை. எதிர்த்துப் பேசவும் அவையோருக்கு உரிமை இல்லை. சிரிப்பின் முன் அனைவரும் சமம் என்னும் கொள்கையை அரங்கின் விதியாகவே வைத்துப் போற்றிய நாடு இது.

பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த குஞ்சன் நம்பியாரை இங்கே மறக்கலாகாது. பாலக்காட்டு மாவட்டத்து லக்கிடிக்கு அருகே உள்ள கிள்ளிக்குறிச்சிமங்கலம் அவர் பிறந்த ஊர். சாக்கியாருக்கு மிழாவு முழக்கிக்கொண்டிருந்தவர் ஒருநாள் கண்ணயர்ந்துவிட்டாராம். சாக்கியார் அவையறிய ஏளனம் செய்தாராம். மறுநாள் நம்பியார் தாமே புதிதாக ஓர் ஆட்டத்தை இயற்றி ஆடினார் என்றும், கூட்டம் முழுவதும் அவர் பக்கம் திரும்பிவிட்டது என்றும் கதை வழங்குகிறது. துள்ளல் பிறந்த வரலாறு இது. கதை முழுவதும் உண்மையோ அன்றோ, துள்ளலின் எளிய மொழியும் கூரிய நையாண்டியும் உண்மை. தேவலோகத்தைப் பாடுவதாகத் தொடங்கித் தம் காலத்து அதிகாரிகளையும் அரண்மனைப் பணியாளர்களையும் தோலுரித்துக் காட்டியவர் அவர்.

இவை மலையாளக் கலைகள் ஆயிற்றே, தமிழுக்கு இவற்றோடு என்ன உறவு என்று கேட்கலாம். அவ்வுறவை நேரே காண விரும்புவோர் அறுவடை முடிந்த காலத்தில் பாலக்காட்டுச் சிற்றூர்களுக்குச் செல்லவேண்டும். ஆலத்தூர், சிற்றூர்ப் பகுதிகளின் பகவதி கோயில்களில் கண்ணியார்களி நடக்கும். இரவக்களி, ஆண்டிக்கூத்து, வள்ளோன், மலமை என இரவுகளுக்குப் பெயரிட்டு ஆடுவார்கள். வட்டமாக நின்று ஆடும் ஆட்டம் ஓய்ந்ததும் பொறாட்டு தொடங்கும். பல தொழிலாரும் பல குலத்தாரும் வேடமாக வந்து பேசியும் பாடியும் ஆடியும் போவார்கள். அப்பாடல்களில் தமிழ் கலந்திருப்பதைக் கேட்டால் நமக்கே வியப்பாக இருக்கும்.

பாணர் குலத்தார் வளர்த்த பொறாட்டு நாடகம் இதனினும் நெருங்கிய உறவு. நெல்லறுத்த வயலில் மேடை அமைத்து இரவெல்லாம் ஆடுவது அது. வண்ணாத்தி வருவாள், குறத்தி வருவாள், தாசி வருவாள். பெண் வேடத்தையும் ஆடவரே பூணுவர். கேள்விக்காரன் ஒருவன் நிலையாக நின்று, வருகிறவர்களையெல்லாம் ஊர் எது, தொழில் எது, கணவன் எங்கே என்று குடைந்து கேட்பான். விடை பாட்டாக வரும். தமிழ் பாதி, மலையாளம் பாதி. எந்த மொழியில் சிரிக்கிறோம் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்வகை மெய்ப்பாட்டுள் நகையை முதலில் வைத்த தொல்காப்பியர், அது பிறரை எள்ளுவதாலும், சிறுபிள்ளைத் தன்மையாலும், பேதைமையாலும், மடமையாலும் தோன்றும் என்றார். இந்நான்கும் ஓரிரவில் ஒரு வயல்வெளியில் வரிசையாக வந்து நிற்பதைப் பொறாட்டில் காணலாம்.

இனி, இவை எல்லாவற்றினும் தமிழர் அறிந்திருக்கவேண்டிய ஒன்றுக்கு வருவோம். அது தோற்பாவைக் கூத்து.

பாரதப்புழைக் கரையை ஒட்டிய பகவதி கோயில்கள் பலவற்றில், கோயிலுக்கு எதிரே, மதிலுக்கு வெளியே, நீண்ட மேடை ஒன்று நிலையாகக் கட்டப்பட்டிருக்கும். அதற்குக் கூத்துமாடம் என்று பெயர். நீளம் 42 அடி அளவில் இருக்கும். முன்புறம் வெள்ளைத் திரை. அதன் கீழ்ப்பகுதியில் கறுப்புத் துணி. திரைக்குப் பின்னே நீண்ட மரச்சட்டத்தில் தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றி 21 விளக்குகளை ஏற்றுவார்கள். அவ்வொளியில் தோலால் செய்த பாவைகள் நிழலாடும். முன்னாளில் மான்தோலில் செய்தார்கள்; இன்று வேறு தோல்களைப் பயன்படுத்துகிறார்கள்.

ஏன் இந்தக் கூத்து? காளி தாரிகன் என்னும் அசுரனோடு போர்புரிந்துகொண்டிருந்தமையால் இராம இராவணப் போரைக் காணும் வாய்ப்பை இழந்தாளாம். அக்குறை தீர, ஆண்டுதோறும் அவள் கோயிலுக்கு எதிரிலேயே அப்போரை ஆடிக் காட்டுகிறார்கள். தை மாத அறுவடைக்குப் பின் தொடங்கி வைகாசி வரை இக்காலம் நீளும். சில கோயில்களில் ஏழு இரவு, சிலவற்றில் பதினான்கு. சொரனூரை அடுத்த கவளப்பாறை ஆரியங்காவில் 21 இரவு.

பாடப்படும் நூல் எது? கம்பராமாயணம்! மலையாள நாட்டின் நடுவில், மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட கலைஞர்கள், கம்பனின் விருத்தங்களைத் தலைமுறை தலைமுறையாக நெஞ்சில் நிறுத்திப் பாடுகிறார்கள். பின்னர்த் தமிழும் மலையாளமும் வடமொழியும் விரவிய நடையில் உரை விரிக்கிறார்கள். பாடலும் உரையும் அடங்கிய தொகுதிக்கு ஆடல்பற்று என்று பெயர். கலைஞருக்கு ஊரார் தரும் பட்டமோ புலவர் என்பது. கம்பனை ஓதுகிறவர் வேறு எப்பெயர் பெறுவார்?

கம்பனை அப்படியே ஒப்பிப்பதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. சூர்ப்பணகைக்குச் சம்புகுமாரன் என்று ஒரு மகன் இருந்தான் என்றும், தவம் செய்துகொண்டிருந்த அவனை இலக்குவன் அறியாமல் கொன்றான் என்றும் கூத்தில் வருகிறது. கம்பனில் இது இல்லை. இக்கதை சேர்ந்ததும் பஞ்சவடிக்கு வரும் சூர்ப்பணகை வெறும் காமுகியாக இல்லாமல், மகனைப் பறிகொடுத்த தாயாகவும் நிற்கிறாள். மொழிபெயர்ப்பையே அன்றாடத் தொழிலாகக் கொண்ட நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஒரு நூலை வேறொரு மண்ணுக்குக் கொண்டு செல்பவன் அதனை வெறுமனே சுமந்து செல்வதில்லை. வழியில் எழும் வினாக்களுக்கும் விடை தேடிக்கொண்டே செல்கிறான்.

நகைச்சுவைக்கும் குறைவில்லை. கதை தொடங்குமுன் பட்டர்ப் பாவைகள் திரையில் வந்து இறைவனை வாழ்த்துவார்கள்; காணிக்கை தந்த ஊராரையும் வாழ்த்துவார்கள். பின்னர் போர்க்களத்திலும் தூதிலும் காவல் வாயிலிலும், புலவர்கள் ஒருவரை ஒருவர் மடக்கிக் கேள்வி கேட்பதும் விடை சொல்வதுமாக நள்ளிரவு கழியும்.

ஆனால், கேட்பவர் யார்? இங்குதான் நெஞ்சம் கனக்கிறது. அமெரிக்க அறிஞர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இக்கூத்தைப் பல இரவுகள் இருந்து கேட்டு 1996-ல் ஒரு நூல் வெளியிட்டார். மாடத்துக்கு முன்னே பல இரவுகளில் மனிதர் எவரும் இல்லை என்பதை அவர் அந்நூலில் விரிவாக ஆராய்கிறார். காளி கேட்கிறாள் என்ற நம்பிக்கையில் புலவர்கள் பாடுகிறார்கள். திரைக்குள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிறார்கள்.

நாமும் சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு காவுக்குச் சென்றிருந்தோம். கோயிலில் மேளம் முடிந்ததும் கூட்டம் கலைந்துவிட்டது. நள்ளிரவில் மாடத்துக்கு எதிரே எஞ்சியவர்கள், பாயில் உறங்கிவிட்ட ஒரு மூதாட்டி, கடலை வண்டிக்காரர் ஒருவர், நாம். அன்று சேது கட்டும் கதை. கல் சுமந்த குரங்கு ஒன்று இன்னொரு குரங்கிடம் முறையிட்டது. கல் சுமந்தவனுக்குக் கல்லை எண்ணிக் கூலி; கரையில் நின்று மேற்பார்த்தவனுக்கு மட்டும் நாளை எண்ணிக் கூலியா என்று கேட்டது. அரசுப் பணியில் இருப்பவர்க்கு இதைக் கேட்டுச் சிரிக்காமல் இருக்க முடியுமா? வாய்விட்டுச் சிரித்துவிட்டோம்.

திரைக்குள் குரல் ஒரு கணம் நின்றது. பிறகு அந்தக் குரங்கு அடங்கவே இல்லை. சுக்கிரீவன் ஆட்சியில் உள்ள குறைகளையெல்லாம் ஒன்று விடாமல் எடுத்துரைத்தது. கிழக்கு வெளுத்தபின் முதிய புலவர் ஒருவர் விளக்குகளை அணைத்துவிட்டு வெளியே வந்தார். "ராத்திரி சிரிச்சது ஆரு?" என்று கேட்டார். நாம்தான் என்றோம். தமிழரா என்றார். ஆம் என்றோம். அவர் வேறொன்றும் சொல்லவில்லை. நம் கையைப் பற்றியபடி சற்று நேரம் நின்றார். பிறகு தேநீர் குடிக்க அழைத்துச் சென்றார்.

நேயர்களே, அந்த ஒரு கேள்வியில் இக்கலையின் நிலைமை முழுவதும் அடங்கியிருக்கிறது. மாவட்டத்தின் மேற்கே கம்பனைப் பாடுகிறார்கள். அங்கே கேட்டு உணரும் தமிழர் இல்லை. மாவட்டத்தின் கிழக்கே தமிழர் வாழ்கிறார்கள். அவர்களுக்கு மேற்கே கம்பன் பாடப்படுவது தெரியாது. இடையே உள்ளது ஒரு பேருந்துப் பயணம்.

கலைஞர்கள் தம் கடமையைச் செய்யாமல் இல்லை. கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர் இக்கூத்தைக் கோயில் மாடத்துக்கு வெளியே கொணர்ந்து வெளிநாட்டு அரங்குகளிலும் ஆடினார். அவர் மகனார் இராமச்சந்திரப் புலவருக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஆடவரே ஆடிவந்த இக்கலையில் பெண்கள் மட்டுமே அடங்கிய குழுவும் இன்று இயங்குகிறது. சாக்கியார் கூத்து 1949-ல் பைங்குளம் இராமச் சாக்கியாரின் துணிவால் கோயிலுக்கு வெளியே வந்தது. அவர் 1965-ல் கேரள கலாமண்டலத்தில் ஆசிரியரானபின் கூடியாட்டமும் பிற குலத்தார்க்குப் பயிற்றப்பட்டது. 2001-ல் யுனெஸ்கோ கூடியாட்டத்தை மனித குலத்தின் அரிய செல்வமாக அறிவித்தது. கதவைத் திறந்த கலை பிழைத்தது.

ஆயினும் தோற்பாவைக் கூத்தில் ஒரு வேறுபாடு உண்டு. வெளி அரங்குகளில் நேரம் ஒரு மணி. நிழலழகு முன்னே வரும், உரை சுருங்கும். பாவைகளை இயந்திரக் கைகளால் அசைத்துக் காட்டும் முயற்சியும் நடந்திருக்கிறது. நிழல் எப்படியும் பிழைத்துக்கொள்ளும். சொல் பிழைக்குமா என்பதே கேள்வி. சொல்லுக்குக் காது வேண்டும். அந்தச் சொல் தமிழாக இருக்கும்போது, காது கொடுக்கவேண்டிய பொறுப்பு வேறு யாருடையது?

ஆதலால் நாம் செய்யக்கூடியது மிக எளிது. வரும் தை முதல் வைகாசிக்குள் ஓர் இரவைத் தேர்ந்துகொள்வோம். எந்தக் காவில் எந்நாளில் கூத்து என்பதைச் சொரனூர், ஒற்றப்பாலம் பக்கத்து நண்பர்களிடம் விசாரித்து அறிவோம். ஒரு பாயும் பனிக்கு ஒரு போர்வையும் எடுத்துக்கொள்வோம். அன்றைய கதைக்குரிய படலத்தை முதல்நாளே கம்பனில் ஒருமுறை படித்துவைப்போம். குழந்தைகளுக்கும் கதையைச் சொல்லிவைப்போம். நுழைவுச் சீட்டு இல்லை, முன்பதிவு இல்லை, இடம் கிடைக்குமோ என்ற அச்சமும் இல்லை. பாட்டு விளங்கியபோது தலையசைப்போம். நகை வந்தபோது வாய்விட்டுச் சிரிப்போம். திரைக்குப் பின்னே இருப்பவர்களின் செவிக்கு அது எட்டும்.