கழுத்துக் கயிறும் நீலக் கண்ணும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியையான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



பழைய நினைவொன்றைப் பகிரச் சொன்னார்கள். எனக்குப் பெருமை தராத ஒன்றையே சொல்கிறேன்.

நான் ஆசிரியையான முதல் வருடம். இறப்பர் தோட்டத்துப் பாடசாலை ஒன்றில் இரண்டாம் வகுப்பு. ஒரு பிள்ளையின் கழுத்தில் அழுக்கேறிய கறுப்புக் கயிறு, அதில் ஒரு செப்புத் தாயத்து. "படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கத்தரிக்கோலால் வெட்டிவிட்டேன். மறுநாள் பால்வெட்டை விட்டுவிட்டு, அரைநாள் பேரையும் இழந்து, அதன் தாய் வந்து நின்றாள். சண்டைக்கு வரவில்லை. "முந்தி ரெண்டும் தங்கலைங்க டீச்சர். இது ஒன்னுதான்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

பல வருடங்களின் பின், பண்டைய எகிப்தைப் படிப்பித்தபோது அந்தத் தாய் மறுபடியும் என் கண்முன் வந்தாள்.

எகிப்தியர் விரல் நுனியளவு தெய்வ உருவங்களைச் செய்து, நூல் கோக்கத் துளையிட்டு அணிந்தார்கள். கர்ப்பிணி வயிற்றோடு நிமிர்ந்து நிற்கும் நீர்யானை வடிவத் தாவெரெட், பிரசவத்தில் காவல். சிங்கமுகக் குள்ளன் பெஸ், தாய்க்கும் சேய்க்கும் துணை. குழந்தை ஹோரசை மடியில் வைத்திருக்கும் ஐசிஸ், ஹோரசின் கண் என்று இன்னும் பல. பெரும்பாலானவை பளபளக்கும் நீலம் அல்லது பச்சை.

அந்த நீலம் இரத்தினக்கல் அல்ல. லாப்பிஸ் லாசுலி எனும் நீலக்கல் ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷானிலிருந்து வரவேண்டும்; எல்லோராலும் வாங்க முடியாது. ஆகவே குவார்ட்ஸ் கல்லைப் பொடியாக்கி, சிறிது சுண்ணாம்பும் காரஉப்பும் செம்பும் சேர்த்துப் பிசைந்து, களிமண் அச்சில் அழுத்தி எடுத்தார்கள். காயும்போது உப்பு மேற்பரப்புக்கு வந்து படியும். சூளையில் அதுவே உருகிக் கண்ணாடிப் பூச்சாகும். நிறம் தருவது செம்பு. ஃபயான்ஸ் என்று இதற்குப் பெயர். அமர்னா நகரில் இத்தகைய அச்சுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. இரத்தினபுரிக்காரிகளே, நீலம் தேடி இல்லம் அரிக்கும்போது நாம் வீசியெறியும் வெறுங்கல் அந்தக் குவார்ட்ஸ்! அதையே அவர்கள் நீலமாக்கினார்கள்.

என்னை உலுக்கியது இன்னொன்று. ஏறக்குறைய 3000 ஆண்டுகளுக்கு முன், ஒடுங்கிய பப்பிரசுத் தாளில், இந்தப் பிள்ளையைப் பாம்பிலிருந்தும் தேளிலிருந்தும் நோயிலிருந்தும் காப்போம் என்று தெய்வங்களே வாக்குக் கொடுப்பதுபோல எழுதி, சுருட்டி, குழாயில் இட்டுக் கழுத்தில் தொங்கவிட்டார்கள். நான் வெட்டியெறிந்த தாயத்துக்குள்ளும் எழுதிய தகடொன்று சுருண்டிருந்தது.

அவ்வளவு தொலைவுக்குப் போகவும் வேண்டாம். பக்கத்துக் கிராமத்துச் சிங்களத் தாய் பிள்ளைக்குப் பஞ்சாயுதம் போடுகிறாள்: சங்கு, சக்கரம், வாள், வில், தண்டு. நம் முன்னோர் அதை ஐம்படைத் தாலி என்றார்கள். களம் புகுந்த பாண்டியன் நெடுஞ்செழியன் இன்னும் தாலி கழற்றாத இளையவன் என்று புறநானூற்றில் இடைக்குன்றூர் கிழார் வியக்கிறார். அரசன் வீட்டிலும் லயத்துக் காம்பராவிலும் தாயின் பயம் ஒன்றுதான்.

தாயத்து நோயைத் தீர்க்கும் என்று நான் சொல்லவரவில்லை. தடுப்பூசியும் சுத்தமான தண்ணீரும் நேரத்துக்குக் கிடைக்கும் வைத்தியமுமே பிள்ளைகளைக் காக்கும். ஆனால் அவை எட்டாத இடத்தில் தாய்க்கு எட்டியது அந்தக் கயிறு. அதை வெட்டிய நான், அதற்குப் பதிலாக அவளுக்கு எதைக் கொடுத்தேன்?

நம்மில் தாதியர், மருத்துவிச்சிகள், வைத்தியர்கள், ஆசிரியைகள் பலர் இருக்கிறீர்கள். கயிறு கட்டிய பிள்ளை உங்களிடம் வரும்போது கத்தரிக்கோலைத் தேடாதீர்கள். அந்த வீட்டில் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று கேளுங்கள். பிறகு கிளினிக் அட்டையை வாங்கிப் பாருங்கள்.

அந்தத் தாயிடம் அன்று நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்று, என்னைப் படிப்பித்த இந்த மண்டபத்தில் நின்று கேட்கிறேன்.