ஒப்படைப்பதும் கைவிடுவதும்



திருத்தந்தை பிரான்சிஸ் 2021ஆம் ஆண்டு ஏற்படுத்திய தாத்தா பாட்டிகள், முதியோர் உலக நாளை ஒவ்வோர் ஆண்டும் சூலை மாதம் நான்காம் ஞாயிறன்று கொண்டாடுகிறோம். இயேசுவின் தாத்தா பாட்டியான புனித சுவக்கின், அன்னா திருநாளை ஒட்டி வருகிற நாள் அது. பங்குகளில் அன்று முதியவர்களுக்குச் சால்வை போர்த்துவோம், இனிப்பு கொடுப்போம், போட்டோ எடுத்துக்கொள்வோம். நல்லதுதான். ஆனால் அந்த விழாவுக்கு வரமுடியாத முதியவர்களைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். பெற்ற பிள்ளையையே "நீங்க யாரு?" என்று கேட்பவர்கள், சாப்பிட்டுக் கை கழுவிய ஐந்தாவது நிமிடம் "எனக்கு யாரும் சோறு போடல" என்று அழுபவர்கள், நள்ளிரவில் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு வீதிக்குப் போய்விடுபவர்கள். மருத்துவர்கள் டிமென்சியா என்று சொல்லும் மறதிநோய் கண்டவர்கள் இவர்கள்.

இவர்களை வைத்துப் பார்க்கிற குடும்பங்களில் ஒரு கேள்வி இருக்கிறது. திருப்பலி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, கோயில் வாசலில் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள்: "சாமி, அம்மாவை ஒரு இல்லத்தில் சேர்த்தால் பாவமா?"

முதலில் இறைவார்த்தையைப் பார்ப்போம். சீராக்கின் ஞானநூல் மூன்றாம் அதிகாரம், தந்தையின் முதுமையில் அவரைத் தாங்கச் சொல்வதோடு நிற்கவில்லை. அவருடைய அறிவு மங்கிப்போனாலும் பொறுமையாக இரு, இகழாதே என்றும் சொல்கிறது. அந்த நூல் எழுதப்பட்டு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இந்த நோயின் வேதனை அன்றைக்கே வீடுகளுக்குத் தெரிந்திருக்கிறது. மாற்கு நற்செய்தி ஏழாம் அதிகாரத்தில், காணிக்கையைக் காரணம் காட்டிப் பெற்றோருக்குச் செய்யவேண்டியதைத் தட்டிக்கழித்தவர்களை இயேசு கடுமையாகக் கண்டிக்கிறார். ஆகவே பேரனுக்குப் படிக்கும் அறை வேண்டும், வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னால் சங்கடமாக இருக்கிறது என்பதற்காகப் பெரியவரை வெளியே அனுப்பினால், எவ்வளவு பணம் கட்டினாலும் அது கைவிடுதல்தான். கைவிட்டால் 3 மாதம் வரை சிறை என்று 2007ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

ஆனால் அதே இயேசுவைச் சிலுவையில் பாருங்கள். தாய் கீழே நிற்கிறார். அவரைத் தம் கையால் பார்த்துக்கொள்ள இனி மகனால் முடியாது. யோவான் நற்செய்தி பத்தொன்பதாம் அதிகாரத்தில் அவர் என்ன செய்கிறார்? தாய்க்கு ஏற்கெனவே பழக்கமான, தாம் நம்புகிற ஒருவரைத் தேர்ந்துகொள்கிறார். முதலில் தாயிடம் பேசுகிறார், பிறகுதான் சீடரிடம். யோவான் நடத்தியது முதியோர் இல்லம் அல்ல, எனக்கும் தெரியும். ஆனாலும் தம்மால் இயலாத நேரத்தில் தாயை இன்னொருவர் பொறுப்பில் ஒப்படைத்த மகன் நம் ஆண்டவர். ஒப்படைப்பதையெல்லாம் பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். நம் குடும்பப் பாசத்தைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுகிறோமே, அந்தப் பாசத்தின் சுமை பெரும்பாலும் ஒரே பெண்ணின் தலையில்தான் இறங்குகிறது. மூத்த மருமகளோ திருமணமாகாத மகளோ, இரவில் மூன்று முறை எழுந்து துணி மாற்றுகிறார், திட்டு வாங்குகிறார், சில நேரம் அடியும் வாங்குகிறார். வெளிநாட்டில் இருக்கிற அண்ணன் வாட்ஸ்அப்பில் "அம்மாவை எங்கேயும் அனுப்பக் கூடாது" என்று உத்தரவு போடுகிறார். அப்படிச் சொல்கிறவர் ஒரு மாதம் விடுப்பு எடுத்து வந்து அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் படுத்துப் பார்க்கட்டும், பிறகு பேசலாம். பார்த்துக்கொள்கிறவர் உடைந்துபோனால் பெரியவருக்கும் பாதுகாப்பு இல்லை.

அருட்சகோதரிகள் நடத்தும் இல்லங்களை நினைத்து நம்மில் பலர் ஆறுதல் அடைகிறோம். பிரான்சு நாட்டில் 1839இல் புனித ழான் ஜுகான், பார்வையிழந்த ஒரு மூதாட்டியைத் தம் வீட்டுக்குக் கொண்டுவந்து, தம் கட்டிலையே அவருக்குக் கொடுத்தார். அதிலிருந்து பிறந்ததுதான் ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை. ஆனால் எல்லா முதியோர் இல்லமும் மறதிநோயாளரைப் பார்க்கத் தயாராக இருப்பதில்லை. பல இல்லங்கள் நடமாட்டம் உள்ள, தம் வேலையைத் தாமே செய்துகொள்கிறவர்களை மட்டுமே ஏற்கின்றன. நோயை மறைத்துச் சேர்த்துவிட்டு வந்தால் ஒரு வாரத்தில் போன் வரும், வந்து அழைத்துப் போங்கள் என்று.

ஆகவே நேரில் போய்ப் பாருங்கள், ஒரு முறைக்கு இரண்டு முறை. பகலில் வரவேற்பறையைப் பார்த்தது போதாது, மாலை மங்கும் நேரத்தில் போங்கள். இந்த நோயாளிகளில் பலருக்குப் பதற்றம் கூடுவது அப்போதுதான். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர்கள்? வெளியே போகத் துடிப்பவரை எப்படிச் சமாளிக்கிறார்கள், பேச்சுக் கொடுத்தா, கட்டிலில் கட்டிவைத்தா, தூக்க மருந்து கொடுத்தா? கேட்கக் கூச்சப்படாதீர்கள். கழிவறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்று உள்ளே போய்ப் பாருங்கள். பதிவு பெற்ற இல்லமா, கட்டுகிற முன்பணம் திரும்ப வருமா, உடல்நிலை மோசமானால் எந்த மருத்துவமனை என்பதை எழுத்தில் வாங்குங்கள். முன்னறிவிப்பு இல்லாமல் நீங்கள் எந்த நேரமும் வரலாமா என்று கேளுங்கள். கூடாது என்றால் அந்த இடம் எனக்குப் பிடிக்காது, உங்களுக்கும் பிடிக்க வேண்டாம். புத்தி தெளிவில்லாதவரைச் சேர்க்கிற சாக்கில் சொத்துப் பத்திரத்தில் கைநாட்டு வாங்குகிறவர்களைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அவர்கள் பாவசங்கீர்த்தனத்துக்கு வரட்டும்.

பெரியவரிடம் முதலில் பேசுங்கள். நோயின் தொடக்கத்திலேயே, அவருக்குப் புரிகிற காலத்திலேயே கேட்டுவிடுவது மிக நல்லது. பிந்திவிட்டாலும், "டாக்டரிடம் போகிறோம்" என்று ஏமாற்றி இறக்கிவிட்டு ஓடிவராதீர்கள். அவர் தினமும் காப்பி குடித்த டம்ளர், பழைய போர்வை, கல்யாணப் படம், வீட்டில் இருந்த திருஇருதயப் படம், இவற்றையும் கூடவே கொண்டுபோய் வையுங்கள். "வீட்டுக்கு எப்பப் போவோம்?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருப்பார். அவர் கேட்பது பல நேரங்களில் சிறுவயதில் ஓடி விளையாடிய வீட்டை. வாதாடாமல், அந்த வீட்டைப் பற்றிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

பிறகு போய்க்கொண்டே இருங்கள். "போனாலும் அவருக்கு நினைவிருக்கப் போவதில்லையே" என்கிறவர்கள் உண்டு. வந்தது மறந்துபோகலாம், வந்து போனதால் உண்டான நிம்மதி அன்று மாலைவரை முகத்தில் தெரியும் என்று பணியாளர்களே சொல்வார்கள். உடன்பிறந்தவர்கள் முறை போட்டுக்கொள்ளுங்கள். அன்பியத்தில் இருப்பவர்கள் மாதம் ஒரு முறை சேர்ந்து போகலாம். இல்லம் இருக்கிற பகுதியின் பங்குத்தந்தையிடம் பெயரைக் கொடுத்து, நற்கருணைக்கும் நோயில்பூசுதலுக்கும் ஏற்பாடு செய்யுங்கள். அருகில் அமர்ந்து செபமாலை சொல்லும்போது, இப்போதைய சொற்களில் தொடங்காமல், அவர் சிறுவயதில் உபதேசத்தில் கற்ற பழைய பிரியதத்த மந்திரத்தைத் தொடங்குங்கள். உங்கள் பெயர் மறந்த அம்மா பாதியிலிருந்து சேர்ந்து சொல்வதைக் கேட்பீர்கள். பணியாளர்களுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு வாருங்கள், இரவில் உதவும்.

எல்லாம் வல்ல இறைவன் உங்களையும், உங்கள் வீட்டுப் பெரியவர்களையும், அவர்களைத் தாங்குகிற கைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.