கண்டி மகாநாட்டிற்குச் செல்வோர் கவனத்திற்கு

ஆராய்ச்சி மகாநாடொன்றிற்காகக் கண்டிக்குச் செல்வோர் முதற்கண் அறிய வேண்டியது ஒன்றுண்டு. கண்டிப் பகுதியின் பெரும் கல்வி நிலையமாகிய பல்கலைக்கழகம் நகரினுள் இல்லை. ஏறக்குறைய 6 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பேராதனையில் இருக்கிறது. 1942 ஆம் ஆண்டு கொழும்பிலே தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம், 1952 ஆம் ஆண்டு அங்கே குடிபுகுந்தது.

ஆறு கிலோமீற்றர்தானே என்று எண்ணுதல் தகாது. காலையிலே பாடசாலைப் பிள்ளைகளும் அலுவலரும் ஒருங்கே செல்லும் அவ்வீதியில் வாகனங்கள் ஊர்ந்தே செல்லும். கட்டுரை வாசிக்க ஒருவருக்குக் கிடைப்பதோ பதினைந்து அல்லது இருபது நிமிடம். முதன்முறையாக அவையேறும் இளம் ஆய்வாளர் ஒருவரின் ஈராண்டு உழைப்பு அச்சிறு பொழுதிலே அடங்கியிருக்கிறது. அவர் அரைமணி நேரம் பிந்தினால், அவர்தம் முறை கடந்துவிடும். ஆதலின் இயன்றவரை பேராதனையிலே தங்குதல் நன்று. நகரில் தங்குவோர் ஒரு மணி நேரம் முன்னரே புறப்படல் வேண்டும்.

கொழும்பிலிருந்து வருவோருக்குப் புகையிரதப் பாதையிலும் பெருந்தெருவிலும் பேராதனையே முன்னர் வரும். கண்டிவரை சென்று மீள வேண்டியதில்லை. மழைக்காலத்தில் மண்சரிவினாற் பாதை தடைப்படுவதுண்டு. புகையிரதம் ஓடுகின்றதா என்பதைப் புறப்படுமுன் விசாரித்தறிதல் வேண்டும்.

வளாகத்தை அடைந்த பின்னரும் ஒரு கவனம் தேவை. கலைப்பீடம் மகாவலி கங்கையின் ஒரு கரையிலும் பொறியியற்பீடம் மறுகரையிலும் உள்ளன. எப்பீடத்தின் எம்மண்டபம் என்பதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு செல்வோர் அலைய நேராது. மலைநாடாதலின் குடையும், மாலைக் குளிருக்கு ஒரு மேலாடையும் உடன் இருத்தல் வேண்டும்.

ஜூலை அல்லது ஆகஸ்ட் மாதத்தில் எசல பெரஹரா நிகழும். அக்காலத்தில் அறை கிடைப்பது அரிது. மாலையில் நகர வீதிகள் மூடப்படும். பல வாரங்களுக்கு முன்னரே தங்குமிடம் ஒழுங்கு செய்தல் அவசியம். பௌர்ணமி தினமாகிய போயா நாள் அரசாங்க விடுமுறையாதலின், அலுவலகக் கருமங்களை முதல்நாளே முடித்துக்கொள்ளல் நன்று.

ஓய்வு வேளையில் தலதா மாளிகைக்குச் செல்வோர் தோளும் முழங்காலும் மறைய உடுத்து, பாதணிகளை வெளியே கழற்றிவிடுவர். மாளிகையின் எதிரே விரிந்திருக்கும் வாவி, கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கட்டுவித்தது. நாயக்கர் மரபினனாகிய அவன், 1815 ஆம் ஆண்டு ஆட்சியை இழந்து, தமிழகத்து வேலூரிலே சிறையிருந்து 1832 இல் மறைந்தான். பேராதனை வளாகத்திலேயே குறிஞ்சிக்குமரன் கோயிலும் இருக்கிறது. பல்கலைக்கழக நூலகம் ஓலைச்சுவடிகளையும் பேணி வருகிறது. அவற்றைப் பார்க்க விரும்புவோர் முன்னரே எழுதி அனுமதி பெறல் வேண்டும்.

மகாநாடு முடிந்த மறுநாளையும் கண்டிக்கென ஒதுக்கி வருவோருக்கு இவையனைத்தும் கைகூடும். கட்டுரை வாசிக்கும் நாளிலே இவற்றிற்கு நேரம் தேட முயல்வோர் இரண்டையும் இழப்பர்.